கட்டுமான வண்டியில் மோதல் தடுப்பு சிஸ்டம் இருந்தும் மயிரிழையில் தப்பிய அனுபவம் உண்டா?

லோடர் ஆபரேட்டர்:
பின்னால் ரேடார் வைத்த வீல் லோடர். மண் குவியலுக்கும் கத்தும், நிறுத்தி வைத்த டிப்பருக்கும் கத்தும். ஒரு கட்டத்தில் அந்தச் சத்தம் காதிலேயே ஏறவில்லை. அன்றைக்கு பக்கெட்டை நிரப்பிக்கொண்டு ரிவர்ஸ் எடுக்கிறேன், கத்துகிறது, குவியல்தானே என்று வந்துகொண்டே இருக்கிறேன். கண்ணாடியின் கீழ் ஓரத்தில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டின் மேல்பாதி. ஒருவர் குந்தி உட்கார்ந்து மட்டத்துக்கு முளை அடித்துக்கொண்டிருந்தார். வண்டி நின்ற பிறகும் அவர் திரும்பவில்லை, அடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தார். சிஸ்டம் சொன்னது, நான்தான் கேட்கவில்லை.

சர்வே ஆள்:
தப்பு உங்களுடையது மட்டும் இல்லைங்க. சாதாரண ரேடாருக்கு ஆள் எது, மண் எது என்று பிரிக்கத் தெரியாது. அதனால்தான் எங்களுக்கு டேக் கொடுத்தார்கள், வண்டிக்குப் பக்கத்தில் போனால் அதிரும். எக்ஸ்கவேட்டரின் வலப்பக்கம், பூம் என்கிற நீளக் கை மறைக்கிற பக்கம், நான் நின்றேன். அதிரவில்லை. டேக் மழைக்கோட்டுப் பையில், கோட் ஷெட்டில். வண்டியின் பின்பக்க எடைக்கட்டி, கவுண்டர்வெயிட், சுற்றி வந்த காற்று முகத்தில் பட்டது. அந்தக் கட்டியில் இருந்த கிரீஸ் கறை எந்த வடிவம் என்று இப்போது கேட்டாலும் வரைந்து காட்டுவேன்.

மெக்கானிக்:
என் கதை சின்னது. ரோலர் கேமராவில் ஆளே காட்டவில்லை என்றார்கள், போய்ப் பார்த்தால் லென்ஸ் மேல் விரல் கனத்துக்குச் சேறு. துடைத்ததும் திரையில் என் முகத்தைச் சுற்றிச் சிவப்புக் கட்டம் வந்தது.

சரி, இதைக் கேளுங்கள். மணிக்கு 10 கிலோமீட்டரில் வண்டி நொடிக்கு 2.8 மீட்டர் நகரும். சத்தம் கேட்டு பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி என்றாலே 4 மீட்டர் போய்விட்டது. தொல்லை தாங்கவில்லை என்று சிஸ்டம் கத்தத் தொடங்கும் எல்லையை 3 மீட்டருக்குக் குறைத்தால் அது இருந்தும் இல்லாத மாதிரிதான். குறைக்காதீர்கள், ஆள் நடக்கும் பாதையையும் குவியலையும் தள்ளி வையுங்கள், வீண் சத்தம் தானாகக் குறையும். ஐஎஸ்ஓ 16001 என்கிற சர்வதேசத் தரநிலையில் இந்தக் கருவிகளைச் சோதிக்கும் முறையே இருக்கிறது, அது தயாரிப்பாளர் வேலை என்று விடாமல் ஒவ்வொரு ஷிப்ட் தொடக்கத்திலும், இன்ஜின் அணைத்திருக்கும்போது, ஓர் ஆளைப் பின்னால் நடக்கவிட்டுப் பாருங்கள். குந்தியும் உட்காரச் சொல்லுங்கள். நிற்கிறவரைப் பிடிக்கும் கேமரா குனிந்தவரை விட்டுவிடலாம்.

டம்பர் டிரைவர்:
மெக்கானிக் அண்ணே, நீங்கள் சொல்வது சரி, ஆனால் குவியலை எங்கே தள்ளி வைப்பது? எங்கள் இடத்தில் வண்டி திரும்பவே இடம் இல்லை. என்னுடையது தானே பிரேக் போடும் வகை. தூசுக்கெல்லாம் நின்று உயிரை வாங்கும். ஒருநாள் ரிவர்ஸில் டக்கென்று நின்றது, கோபத்தில் இறங்கிப் பின்னால் போனேன். யாரும் இல்லை. டயரிலிருந்து இரண்டு அடியில் ஒரு தண்ணீர் பாட்டில் கவிழ்ந்து கிடந்தது, தண்ணீர் இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது. யாருடையது என்று அன்றைக்கு எல்லோரையும் கேட்டேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை.