பூத் ஜொலோகியா இன்னும் முளைக்கவில்லை. ரொக்கோட்டோ மதுரையில் காய்க்குமா?

மதுரை மாடி:
வணக்கம். கார்த்திகைக் கடைசியில் பூத் ஜொலோகியா, ரொக்கோட்டோ என்ற இரண்டு மிளகாய் விதைகளையும் குழித்தட்டில் போட்டேன். கூடவே போட்ட சம்பா மிளகாய் சீக்கிரமே முளைத்து நாலு இலை விட்டுவிட்டது. இவை தை பிறந்தும் அசையவில்லை. விதை செத்துவிட்டதா, காத்திருக்கலாமா? தட்டு மாடியில் நிழல்வலைக்குக் கீழே இருக்கிறது. காலை மாலை தண்ணீர் தெளிக்கிறேன்.

குன்னூர் தோட்டம்:
தட்டைக் கவிழ்த்துவிடாதீர்கள். பூத் ஜொலோகியா சம்பாவின் இனம் இல்லை, ஹபனேரோ என்ற கார மிளகாயின் பங்காளி. முளைக்க இரண்டு முதல் நான்கு வாரம், சில சமயம் ஆறு வாரம்கூட எடுக்கும். மண்ணில் 27 முதல் 30 டிகிரி சூடு வேண்டும். மார்கழி ராத்திரியில் மொட்டை மாடியில் அது எங்கே கிடைக்கும்? வீட்டுக்குள் ஃப்ரிட்ஜ் மேல் வைத்து, பிளாஸ்டிக் தாளால் மூடுங்கள். தினமும் தெளிப்பதை நிறுத்துங்கள். தட்டில் இருக்கும் தென்னை நார்க்கழிவை ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தால் போதும். வழிந்து ஓடினால் விதை அழுகும். முளை தெரிந்த அன்றே தாளை எடுத்துவிட்டு வெளிச்சத்துக்குக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் நாற்றழுகல் வந்து, தண்டு அடியில் நூலாய் இளைத்துச் சாய்ந்துவிடும்.

ரொக்கோட்டோ ஆண்டிஸ் மலைச்செடி. விதை கருப்பு, பூ ஊதா, இலையைத் தடவினால் பூனைமுடி கையில் படும். எங்கள் குளிருக்கு வேலியோரம் புதராக நிற்கிறது, காய் குட்டித் தக்காளி மாதிரி சதைப்பற்றோடு இருக்கும். மதுரையில் செடி பிழைத்தாலும் வெயிலுக்குப் பூ நிற்காது. ஆசைக்கு ஒன்று வளருங்கள், காயை நம்பி இடம் ஒதுக்க வேண்டாம்.

திருச்சி மிளகாய்:
பூத் ஜொலோகியா எங்கள் ஊரிலேயே காய்க்கிறது, அதனால் தைரியமாக இருங்கள். சித்திரை, வைகாசியில் பூ உதிரும். ராத்திரிச் சூடு தணிந்ததும் காய் பிடிக்க ஆரம்பிக்கும். பெரிய தொல்லை இலைச்சுருட்டல்தான். இலை மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிக் கவிழ்ந்தால் சிலந்திப்பேன். லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கொஞ்சம் காதி சோப்புக் கரைசல் கலந்து, சாயங்காலம் இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடியுங்கள். பழம் நறுக்கும்போது கட்டாயம் கையுறை போடுங்கள். 2007-ல் உலகிலேயே காரமான மிளகாய் என்று கின்னஸில் ஏறியது, காரத்தை அளக்கும் ஸ்கோவில் அலகில் 10 லட்சத்துக்கு மேல்.

விதை எடுக்கப் போகிறீர்கள் என்றால் மொட்டாக இருக்கும்போதே வலைப்பை கட்டுங்கள். பக்கத்தில் வேறு மிளகாய் இருந்தால் தேனீ மகரந்தத்தைக் கலந்துவிடும்.

மதுரை மாடி:
ரொம்ப நன்றி. தட்டு ஃப்ரிட்ஜ் மேல் ஏறியாச்சு. இரண்டு தொட்டி தள்ளி காந்தாரி மிளகாய் இருக்கிறது, அதனால் பை கட்டித்தான் ஆக வேண்டும். ஆனால் பூச்சி வராமல் காய் பிடிக்குமா?

திருச்சி மிளகாய்:
பிடிக்கும். மிளகாய்ப் பூவுக்குத் தன் மகரந்தமே போதும். காலையில் காம்பை லேசாகச் சுண்டிவிடுங்கள். பிஞ்சு தெரிந்ததும் பையைக் கழற்றி, விதைக்கான காய் என்று அடையாளம் தெரிய அந்தக் காம்பில் ஒரு நூல் கட்டிவிடுங்கள்.