ஊட்டியில் விடியற்காலை வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை, கையும் மரத்துப்போகிறது. தனியாகப் போகிறேன், உதவி தேவை

காவிரிக்கரை (திருச்சி):

எல்லோருக்கும் வணக்கம். பொங்கல் விடுமுறையில் திருச்சியிலிருந்து மைசூரில் இருக்கும் அக்கா வீட்டுக்குத் தனியாக பைக்கில் போகிறேன். முதல் நாள் கரூர், அவிநாசி, மேட்டுப்பாளையம் வழியாக ஊட்டி, சுமார் 300 கிலோமீட்டர். இரவு அங்கே தங்கல். மறுநாள் பைக்காரா, கூடலூர், முதுமலை, பந்திப்பூர், குண்டல்பேட்டை.

போன ஜனவரியிலும் இதே வழிதான். லாட்ஜுக்கு வெளியே, திறந்த இடத்தில் வண்டியை விட்டிருந்தேன். காலை ஐந்தரைக்குப் பார்த்தால் சீட்டின் மேல் தூள் உப்பைத் தூவியதுபோல உறைபனி. சோக்கை (குளிரில் ஸ்டார்ட் செய்யப் பெட்ரோலைக் கூட்டிவிடுவது) இழுத்துவிட்டு செல்ஃப் அடித்தேன். முதல் ஏழெட்டு முறை நன்றாகச் சுற்றியது, எஞ்சின் பிடிக்கவில்லை. அப்புறம் 'டக் டக்' என்ற சத்தம் மட்டும். அரை மணி நேரம் கிக்கரை மிதித்தேன். எட்டரை மணிக்குமேல், வெயில் வந்த பிறகுதான் எடுத்தது.

அதோடு விடவில்லை. பைக்காரா தாண்டுவதற்குள் இடது கை விரல் நான்கும் மரத்துவிட்டன. கிளட்சைப் பிடிக்கிறேனா இல்லையா என்பதே தெரியவில்லை. ஒரு வளைவில் எதிரே பஸ். கியர் மாற்ற முடியாமல் ஓரத்தில் நிறுத்திவிட்டேன். அந்த நிமிடம் இன்னும் மனதில் நிற்கிறது.

வண்டி 350 சிசி, 2013 மாடல், பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு விடுவது கார்ப்புரேட்டர். எஞ்சின் ஆயிலின் கெட்டித்தன்மை எண் 15டபிள்யூ-50. குளிருக்காக ஆயிலை மாற்ற வேண்டுமா? புது பேட்டரி போடவா? டயரில் காற்றைக் குறைக்க வேண்டுமா? கைக்கு என்ன செய்வது?

கொங்கு ரைடர் (கோவை):

பேட்டரிதான் நண்பா. குளிரில் பேட்டரி பலம் குறைந்துவிடும். புதுசு போட்டுவிடுங்கள், பிரச்சினை தீர்ந்தது. சோக்கை எஞ்சின் நன்றாகச் சூடாகும்வரை விடாமல் இழுத்தே வையுங்கள். குளிருக்கு, கிளம்பும் முன் ஒரு பெக் போட்டால் உடம்பு கதகதப்பாக இருக்கும் என்பார்கள்.

குன்னூர் பட்டறை:

கோவை தம்பி, கடைசியில் சொன்னதைத் தயவுசெய்து யாருக்கும் சொல்லாதீர்கள். மது குடித்தால் தோலுக்கு ரத்தம் ஓடி, சூடாக இருப்பதுபோலத் தோன்றும். ஆனால் உள்ளே இருக்கும் சூடு அந்த வழியாகத்தான் வெளியே போகிறது. வண்டி ஓட்டுகிறவனுக்கு அது எந்த ஊரிலும் கூடாது, மலையில் கேட்கவே வேண்டாம்.

திருச்சி தம்பி, உங்கள் பேட்டரி முதல் ஏழெட்டு முறை நன்றாகச் சுற்றியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது காரணமில்லை, அடித்து அடித்துக் கடைசியில் தீர்ந்துபோயிருக்கிறது. ஆயிலும் காரணமில்லை. ஊட்டிக் குளிருக்கு 15டபிள்யூ தாராளமாகப் போதும்.

இரண்டு கேள்வி. ஏறும்போது சைலன்ஸரில் கரும்புகையோ பெட்ரோல் வாசனையோ வந்ததா? ஏர் ஃபில்டர் மாற்றி எவ்வளவு நாள் ஆகிறது?

காவிரிக்கரை:

அண்ணா, ஆமாம். பர்லியாறு தாண்டியதும் இழுவை குறைந்தது, குன்னூரில் நின்றபோது பெட்ரோல் வாசனை நன்றாகவே அடித்தது. ஏறுவதால் அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். ஏர் ஃபில்டர் மாற்றி 14,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். திரும்பி வந்து, எஞ்சினுக்குள் பொறி தரும் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றியபோது முனை விளக்குக் கரி மாதிரி கறுப்பாக இருந்தது, தொட்டால் விரலில் ஒட்டியது.

குன்னூர் பட்டறை:

அதேதான். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். டிசம்பர், ஜனவரியில் இப்படி நிற்கும் வண்டிகளை எத்தனையோ பார்த்தாயிற்று.

ஊட்டி ஏறக்குறைய 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்று உங்கள் ஊரைவிட ஐந்தில் ஒரு பங்கு மெலிது. கார்ப்புரேட்டருக்கு அது தெரியாது. திருச்சியில் விட்ட கணக்கிலேயே பெட்ரோலை விடும். காற்று குறைகிற அளவுக்குப் பெட்ரோல் குறையாது, அதனால் கலவை ரிச் ஆகிவிடும், அதாவது பெட்ரோல் மிஞ்சிவிடும். அதற்குமேல் தூசி அடைத்த ஃபில்டர். கீழே சமவெளியில் அந்த அடைப்பை வண்டி தாங்கிக்கொள்ளும், மேலே தாங்காது. இந்த நிலையில் சோக்கையும் இழுத்துவைத்து அரை மணி நேரம் மிதித்தால் பிளக் பெட்ரோலில் குளித்துவிடும். பொறி எங்கே வரும்? வெயில் வந்து எடுத்ததற்குக் காரணம், அதற்குள் பெட்ரோல் ஆவியாகிப் பிளக் காய்ந்ததுதான்.

ஆனால் சோக்கே வேண்டாம் என்று நினைத்துவிடாதீர்கள். குளிரில் பெட்ரோல் எளிதில் ஆவியாகாது, அதனால் முதல் தீ பிடிக்க சோக் வேண்டும். சோக்கை இழுத்து, ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல் நாலைந்து கிக். பிடித்தால் அரை நிமிடத்தில் பாதி, அப்புறம் முழுசாக உள்ளே தள்ளிவிடுங்கள். பிடிக்காவிட்டால் அங்கேயே நிறுத்துங்கள். சாவியை ஆஃப் செய்து, சோக்கை முழுசாக உள்ளே தள்ளி, ஆக்ஸிலரேட்டரை முழுசாகத் திருகிப் பிடித்து எட்டுப் பத்து கிக் அடியுங்கள். உள்ளே தேங்கியது வெளியே போகும். பிறகு சாவியைப் போட்டு, சோக் இல்லாமல் ஒரு முறை.

கிளம்பும் முன் புது ஏர் ஃபில்டர், புது பிளக். ஒரு பிளக் கூடவே கையில் இருக்கட்டும், பிளக் ஸ்பேனரோடு. இரவில் சுவரோரம், கூரைக்கு அடியில் நிறுத்துங்கள். நீர்ப்பனி பிளக் கேப்புக்குள் இறங்கினாலும் இதே தொல்லைதான். ஒரு இரவுக்காக கார்ப்புரேட்டரில் ஜெட் (பெட்ரோல் வரும் துளை) மாற்றவோ ஸ்க்ரூவைத் திருகவோ தேவையில்லை. எல்லாம் சரியாக இருந்தால் பிளக் முனை காபிப்பொடி நிறத்தில் இருக்கும்.

டயர் பற்றிக் கேட்டீர்கள். தொடவே வேண்டாம். திருச்சியில் 30 டிகிரியில் அடித்த காற்று ஊட்டியில் 5 டிகிரியில் மூன்றரை பி.எஸ்.ஐ. போலக் குறையும். ஆனால் மேலே வெளிக்காற்றின் அழுத்தமும் குறைவு, அதனால் கேஜில் ஏறக்குறைய அதே அளவு கூடும். இரண்டும் நேராகிவிடும்.

தேயிலைக்காடு (கோத்தகிரி):

வண்டி பற்றி அண்ணன் சொல்லிவிட்டார், நான் கையைப் பற்றிச் சொல்கிறேன். பதினோரு வருடமாகப் பள்ளிக்கூடத்துக்கு ஸ்கூட்டரில் போய் வருகிறேன்.

தம்பி, 5 டிகிரியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் திறந்த தோலுக்கு அது மைனஸ் 2 டிகிரி போல. அதனால் கம்பளியைவிட முதலில் காற்றைத் தடுப்பதுதான் முக்கியம். கம்பளிக் கையுறை மட்டும் போட்டால் காற்று அதற்குள் ஊடுருவிப் போகும். உள்ளே மெல்லிய கம்பளி, வெளியே காற்றுப் புகாத கையுறை. விரலை மடக்கும்போது இறுக்கக் கூடாது. இறுகினால் ரத்த ஓட்டம் குறைந்து இன்னும் சீக்கிரம் மரத்துப்போகும், இதில்தான் நிறையப் பேர் தவறு செய்கிறார்கள். கையுறை நுனி ஜெர்கின் கைக்குள் போகட்டும்.

இன்னொன்று, கை மரத்துப்போவது கையில் மட்டும் தொடங்குவதில்லை. நெஞ்சு குளிர்ந்தால் உடம்பு கைக்கு அனுப்பும் ரத்தத்தைக் குறைத்துக்கொள்ளும். ஜெர்கினுக்கு உள்ளே, நெஞ்சுக்கு நேராக நாலு தாள் செய்தித்தாளை மடித்து வையுங்கள். என் அப்பா எஸ்டேட் வேலைக்குப் போகும்போது வைப்பார், இன்றைக்கு நானும் வைக்கிறேன். கழுத்தில் மஃப்ளர் கட்டாயம். எதுவும் இல்லாமல் வந்துவிட்டால் ஊட்டி தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர் கடைகள் இருக்கின்றன, கம்பளி கிடைக்கும்.

உடம்பு நடுங்கத் தொடங்கினால் நிறுத்துங்கள். நடுக்கத்தோடு பேச்சுக் குழறினாலோ, தூக்கம் வந்தாலோ, ஜிப்பைக்கூடப் போட முடியாவிட்டாலோ அதற்குமேல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டக் கூடாது. தனியாகப் போகிறவருக்கு அதைச் சொல்லப் பின்னால் ஆள் இல்லை. அக்காவுக்கு லொகேஷனைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

அவ்வளவு காலையில் ஏன் கிளம்ப வேண்டும்? எட்டரை, ஒன்பதுக்கு எடுங்கள். நிழல் விழும் வளைவுகளில் ரோடு அதுவரை ஈரமாகத்தான் இருக்கும்.

கொங்கு ரைடர்:

பெக் விஷயத்தில் தவறாகச் சொல்லிவிட்டேன், மன்னியுங்கள் அண்ணா. சோக்கும்கூட. ஒன்று மட்டும் என் அனுபவம்: ஹெல்மெட் கண்ணாடியின் உள்பக்கம் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவத்தைத் தடவி, காய்ந்ததும் மெல்லிய துணியால் துடைத்துவிட்டால் மூச்சுப் பட்டு மங்குவது குறையும். பந்திப்பூர் காட்டு வழியில் இரவு 9 முதல் காலை 6 வரை வண்டிகள் போகத் தடை. ஒன்பதுக்குக் கிளம்பினால் அந்தக் கவலையும் இல்லை.

காவிரிக்கரை:

மைசூரிலிருந்து எழுதுகிறேன். ஃபில்டரும் பிளக்கும் மாற்றினேன். குன்னூர் ஏறும்போது பெட்ரோல் வாசனை இல்லை. ஊட்டியில் லாட்ஜ்காரரிடம் கேட்டு, படிக்கட்டுக்கு அடியில் நிறுத்தினேன். காலை எட்டரைக்கு சோக் போட்டு மூன்றாவது கிக்கில் எடுத்தது, செல்ஃபைத் தொடவே இல்லை. நடுவட்டத்தில் இடது சுண்டுவிரல் லேசாக மரத்தது. நிறுத்தி, டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். முதலில் சூடே தெரியவில்லை, கொஞ்ச நேரத்தில் சுருக்கென்று குத்தி உணர்ச்சி வந்தது. அதன் பிறகுதான் கூடலூர் இறங்கினேன். செய்தித்தாளை ஜெர்கினுக்குள்ளேயே வைத்திருந்தேன் கோத்தகிரி அக்கா, குண்டல்பேட்டை வெயில் வரும்வரை அதை எடுக்கவே தோன்றவில்லை.

இங்கே வந்ததும் பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன் அண்ணா. காபிப்பொடி நிறம்.