சண்டையும் இல்லை, கதையும் இல்லை: இது கோபமா, தண்டனையா?

நெய்தல் (உப்புவெளி):
அக்காவின் மகளுக்குத் தம்பலகாமத்தில் சாமத்திய வீடு. ஒரு மாதத்துக்கு முன்பே இவரிடம் சொன்னேன். "சரி, பார்ப்போம்" என்றார். அன்று காலை நான் சேலை உடுத்து நிற்க, மோட்டார் சைக்கிளைச் சேர்விஸுக்குக் கொண்டு போனவர் மத்தியானம் தாண்டித்தான் வந்தார். "அங்கே சரியான சனம், நான் என்ன செய்ய?" அவ்வளவுதான். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அதிலிருந்து ஒரு கிழமைக்கு மேலாக என்னோடு கதை இல்லை. சோற்றை மூடி வைத்தால், மூடியைத் தூக்கிப் பார்க்கிறார், திரும்ப மூடுகிறார், "பசியில்லை" என்று பிள்ளையிடம் சொல்லிவிட்டுக் கடையில் கொத்து ரொட்டி சாப்பிடப் போகிறார். குடி இல்லை, கை நீட்டியதில்லை. அதனால் யாரிடம் சொன்னாலும் "தங்கமான மனுசன், உனக்கு என்ன குறை?" என்கிறார்கள். கோபத்தை நேரே சொல்லாமல் மறைமுகமாகக் காட்டுவது, பாஸிவ் அக்ரெஸிவ் என்பது இதுதான். இதை வன்முறை என்று சொல்ல ஏன் தயங்குகிறோம்?

பாலையூற்றான்:
தங்கச்சி, உங்கள் நோவு விளங்குகிறது. ஆனால் வன்முறை என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பாஸிவ் அக்ரெஸிவ் என்ற பெயர் எங்கே பிறந்தது என்று பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க இராணுவத்தின் மனநல மருத்துவராக இருந்த வில்லியம் மெனிங்கர், 1945இல் படைவீரர்களைப் பற்றி எழுதும்போது பயன்படுத்தியது. கட்டளையை நேருக்கு நேர் மறுத்தால் தண்டனை. ஆகவே முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள், வேலையை இழுத்தடிப்பார்கள், அரைகுறையாகச் செய்வார்கள். "மாட்டேன்" என்று சொல்ல முடியாதவன் கண்டுபிடித்த வழி அது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குச் சீதனம். கலியாணம் கட்டியவன் மாமியின் வளவுக்குள்தான் வந்து இருக்கிறான். விசேஷத்துக்கு எப்போது போவது, என்ன நகை போடுவது எல்லாம் குசினியில் முடிவாகும். அவனுக்கு வருவது அறிவித்தல் மட்டும். மாமி இருக்க, சகலன் இருக்க, "எனக்கு வர விருப்பமில்லை" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அவன் சொல்லும் "சரி"யைச் சம்மதம் என்று எடுத்துவிட்டு, பிறகு அவனைக் கொடியவன் என்றால் எப்படி?

நெய்தல்:
அண்ணா, படைவீரன் மறுத்தால் தண்டனை. இவர் மறுத்தால் என்ன நடக்கும்? நான் முகம் கோணுவேன், அம்மா இரண்டு வார்த்தை சொல்லுவா. வீடு என் பெயரில்தான். சம்பளம் யார் கையில், மோட்டார் சைக்கிள் திறப்பு யார் பொக்கெற்றில் என்றும் பாருங்கள். "நான் வரவில்லை" என்று முதல் நாள் சொல்லியிருந்தால் பஸ் பிடித்துப் போயிருப்பேன். என்னைப் போகவும் விடவில்லை, தடுத்தவர் என்ற பெயரும் அவருக்கு வரவில்லை. எனக்கு ஆறாதது இதுதான்.

உவர்மலை ரீச்சர்:
நெய்தல் பக்கம்தான் நான். பெண்களும் இதைச் செய்கிறோம், பாத்திரத்தை டொங்கென்று வைப்பதும், பிள்ளைக்குச் சொல்வது போல அவருக்குக் குத்திக் கதைப்பதும் இதே வகைதான். யார் செய்தாலும் அளவு இருக்க வேண்டும். வள்ளுவர் சொன்னதை விடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது: "உப்பமைந் தற்றால் புலவி அதுசிறிது மிக்கற்றால் நீள விடல்." புலவி என்றால் ஊடல். அது சாப்பாட்டில் உப்புப் போல அளவாக இருக்க வேண்டும், நீள விட்டால் உப்பு மிஞ்சியது போல. ஒரு கிழமை என்பது உப்புக் கரித்த கறி.

பாலையூற்றான்:
அதே அதிகாரத்தில் இரண்டு குறள் தள்ளிப் பாருங்கள், ரீச்சர். ஊடியவரை உணராமல் விடுவது வாடிய கொடியை வேரோடு அறுத்தது போல என்கிறார். நீள விடாதே என்று சொன்னவர்தான், ஊடுகிறவரை விளங்கிக்கொள் என்றும் சொல்கிறார்.

துணைவழி:
நான் உளவளத்துணை வேலை செய்கிறவள். முதலில் ஒன்று: இது நோயின் பெயர் அல்ல. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் கையேட்டில் 1952இல் ஆளுமைக் கோளாறாக இருந்தது, 1994இல் பின்னிணைப்புக்குப் போனது, 2013 பதிப்பில் தனிக் கோளாறாக இல்லை. ஆகவே "நீங்கள் பாஸிவ் அக்ரெஸிவ் ஆள்" என்று அவர் முகத்துக்கு நேரே சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்லுங்கள்: "வருவதாகச் சொன்னீர்கள், வரவில்லை, நான் காத்திருந்தேன்."

மௌனத்திலும் இரண்டு வகை உண்டு. தம்பதிகளை ஆராய்ந்த ஜோன் கொட்மன், வாக்குவாதத்தில் இதயத் துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால் ஆளால் காது கொடுத்துக் கேட்க முடியாது என்கிறார். அப்போது குறைந்தது 20 நிமிடமாவது விலகி இருக்கச் சொல்கிறார். "இப்போது முடியாது, இரவு கதைப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய், இரவு வந்து கதைத்தால் அது ஆறுவதற்கான மௌனம். எப்போது முடியும் என்று சொல்லாமல், மற்றவர் கெஞ்சும் வரை இழுப்பது வேறு. ஒருவர் துரத்தத் துரத்த மற்றவர் ஒதுங்குவார், ஒதுங்க ஒதுங்க இவர் இன்னும் துரத்துவார். யார் தொடங்கியது என்று தேடினால் முடிவே வராது.

வன்முறையா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. இலங்கையின் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் மன ரீதியான கொடுமையையும் சேர்த்துக்கொள்கிறது. ஆனால் தொடர்ச்சியான, பாரதூரமான கொடுமையை, இழிவுபடுத்தலைத்தான் சொல்கிறது. ஒரு கிழமை கதைக்காமல் இருப்பது அதற்குள் வராது. காசை நிறுத்துவது, போனைப் பறிப்பது, தாய் சகோதரங்களோடு பழக விடாமல் செய்வது என்று போனால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள். 1938 என்பது பெண்களுக்கான உதவித் தொலைபேசி இலக்கம். பிரதேச செயலகத்திலும் உளவளத்துணை உத்தியோகத்தரைக் கேட்கலாம்.

பாலையூற்றான்:
இதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் என் கேள்வி அப்படியே இருக்கிறது. அவர் "இல்லை" என்று சொன்னால் அதை அந்த வீடு தாங்குமா?

நெய்தல்:
கார்த்திகையில் மூதூரில் ஒரு கலியாணம். இந்த முறை அம்மாவுக்கு முன்னால் கேட்க மாட்டேன். இரண்டு பேரும் தனிய இருக்கும்போது கேட்பேன், "வரவில்லை என்றாலும் சரி, ஒரு கிழமைக்கு முன் சொல்லுங்கள், நான் பிள்ளையோடு பஸ்ஸில் போகிறேன்" என்று. அம்மாவுக்குப் பதில் சொல்வது என் பொறுப்பு. ஆனால் அண்ணா, "இல்லை" என்பதை அவர் வாயால் சொல்ல வேண்டும். முகத்தைப் பார்த்து நானே ஊகித்துக்கொள்ளும் வேலையை இனிச் செய்ய மாட்டேன்.