ஒரு நாள் ஒட்டுமொத்த தற்செயல் விடுப்பு: வேலூரில் எடுக்கலாமா, கூடாதா?

பாலாற்றங்கரை:
காலிப் பணியிடங்களை நிரப்பு, சத்துணவு, அங்கன்வாடி ஊழியர்களுக்குக் காலமுறை ஊதியம் (ஆண்டு உயர்வோடு கூடிய முறையான சம்பள விகிதம்) கொடு. இந்த இரண்டு கோரிக்கைக்காக ஒரு நாள் ஒட்டுமொத்த தற்செயல் விடுப்பு எடுக்கலாம் என்று அரசு ஊழியர் சங்கக் கிளைகளில் பேச்சு ஓடுகிறது. எடுத்தே ஆக வேண்டும் என்பது என் நிலை. ஒரு கிராம நிர்வாக அலுவலர் பக்கத்துக் கிராமத்தையும் சேர்த்துச் சுமக்கிறார். ஒரு இளநிலை உதவியாளர் மூன்று இருக்கைக் கோப்பைப் பார்க்கிறார். அலுவலகம் முடிந்த பிறகு சத்துவாச்சாரி ஆட்சியர் அலுவலகம் முன்னால் கோஷம் போட்டால் எந்த வேலையும் நிற்பதில்லை, அதனால் யாரும் காதில் போட்டுக்கொள்வதும் இல்லை. தற்செயல் விடுப்பு ஆண்டுக்கு 12 நாள் இருக்கிறது. அதில் ஒன்றை எடுப்பது வேலைநிறுத்தம் ஆகாது.

கருவூல வாசல்:
தோழர், கடைசி வரி தவறு. அதை நம்பி யாராவது விடுப்புக் கடிதம் கொடுத்தால் மாட்டிக்கொள்வார். தற்செயல் விடுப்பு உரிமை இல்லை, அனுமதி. தேதி அறிவித்ததும் "அன்று யாருக்கும் விடுப்பு வழங்கக் கூடாது" என்று தலைமைச் செயலகத்திலிருந்து சுற்றறிக்கை வந்துவிடும். அன்று காலையிலேயே துறைவாரியாக வருகை விவரம் மேலே போகும். அனுமதி இல்லாமல் வராதவருக்கு அன்றைய சம்பளம் கிடையாது. அதற்கு மேல் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-இன் 22-ஆம் விதி வேலைநிறுத்தத்தையே தடை செய்கிறது. போக்குவரத்துக் கழகத் தோழர்களுக்கு நிலைமை இன்னும் தெளிவு. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறையில் உள்ள தொழிலுறவுச் சட்டத் தொகுப்பில், ஒரே நாளில் பாதிப் பேர் சேர்ந்து தற்செயல் விடுப்பு எடுத்தாலே வேலைநிறுத்தம் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள். முன்கூட்டியே 14 நாள் அறிவிப்பும் வேண்டும்.

காட்பாடி சந்திப்பு:
2003-ஐ மறந்துவிட்டுப் பேசாதீர்கள். அந்த ஜூலையில் டெஸ்மா என்னும் தமிழ்நாடு அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டத்தின் கீழ், வேலைநிறுத்தம் செய்த ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆகஸ்ட் 6 அன்று உச்ச நீதிமன்றம் டி.கே. ரங்கராஜன் வழக்கில், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்த உரிமை அடிப்படை உரிமையாகவும் இல்லை, சட்ட உரிமையாகவும் இல்லை, தார்மீக உரிமையாகவும் இல்லை என்றது. திரும்ப வேலைக்குச் சேர்ந்தவர்கள் நிபந்தனையற்ற மன்னிப்பும், 22-ஆம் விதிக்குக் கட்டுப்படுவோம் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்துத்தான் சேர்ந்தார்கள். அந்தத் தீர்ப்பு இன்றைக்கும் அப்படியே நிற்கிறது.

பாலாற்றங்கரை:
சரி சார், வேலைநிறுத்தம் என்றே பெயர் வைப்போம், ஒளிக்க வேண்டாம். ஆனால் தீர்ப்பு நிற்கிறது என்பதற்காக ஊழியர் நின்றுவிடவில்லை. 2019 ஜனவரி 22 முதல் 30 வரை ஆசிரியர், அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான ஜாக்டோ-ஜியோ நடத்திய வேலைநிறுத்தம் அதே தீர்ப்பு இருக்கும்போதுதான் நடந்தது. அப்போது கொடுத்த 17(பி) குறிப்பாணைகள் (கடும் தண்டனைக்கு வழிவிடும் ஒழுங்கு நடவடிக்கைக் குற்றச்சாட்டுகள்) பின்னால் கைவிடப்பட்டன. ஒரு நாள் சம்பளம் போனால் போகட்டும்.

கருவூல வாசல்:
"போனால் போகட்டும்" என்பவர்கள் கணக்கையும் பார்க்க வேண்டும். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 60,000 வாங்குபவருக்கு 30 நாள் மாதத்தில் ஒரு நாள் என்பது 2,000. பிப்ரவரியில் 28-ஆல் வகுப்பதால் 2,143 ஆகும். வீட்டு வாடகைப்படி தனி. பங்களிப்பு ஓய்வூதியப் பிடித்தம் அந்த இரண்டின் கூட்டில் 10 சதவீதம். ஆகவே சந்தாவில் 200, அரசுப் பங்கில் 200 குறைகிறது. சிக்கல் வருவது அப்புறம்தான். பின்னாளில் அந்த நாளைப் பணிக்காலமாக அறிவித்தால் நிலுவைப் பட்டியல் போடுவார்கள். அதில் சந்தா பிடிக்காமல் முழுத் தொகையையும் கையில் கொடுத்துவிட்டால் அரசுப் பங்கும் ஏறாது. கணக்குத்தாளில் விடுபட்ட வரவாக அது உட்கார்ந்திருக்கும், ஓய்வு பெறும்போதுதான் கண்ணில் படும். அதனால் பட்டியல் போட்ட அன்றே சந்தா அட்டவணை இணைந்திருக்கிறதா என்று பார்த்து, கருவூலத்தில் வவுச்சர் எண்ணும் தேதியும் குறித்துக்கொள்ள வேண்டும். வரவு ஏறாவிட்டால் அந்த இரண்டும் இல்லாமல், இந்த ஓய்வூதியக் கணக்கைப் பராமரிக்கும் அரசுத் தகவல் தொகுப்பு மையத்துக்கு எழுதிப் பயனில்லை.

குடியாத்தம் இளநிலை:
தகுதிகாண் பருவத்தில், அதாவது புதிதாகச் சேர்ந்து இன்னும் நிரந்தரமாகாமல், இருப்பவர்கள்? ஆண்டு ஊதிய உயர்வு தள்ளிப்போகுமா?

கருவூல வாசல்:
ஊதிய உயர்வுக்குப் பெரும்பாலும் ஆபத்தில்லை தம்பி. காலாண்டின் முதல் நாளில்தான் அது தரப்படுகிறது, ஒரு நாள் நகர்ந்தாலும் அதே காலாண்டுக்குள் விழும். உயர்வுக்கான ஓராண்டுக் கணக்கு காலாண்டின் கடைசி நாளில் விழுபவர் மட்டும் கவனிக்க வேண்டும். தகுதிகாண் பருவம் வேறு கதை. தொடர்ந்த மூன்று ஆண்டுக்குள் இரண்டு ஆண்டுப் பணி என்பது கணக்கு, பணியில்லாத நாள் அதில் சேராது. 17(பி) வந்துவிட்டால் பதவி உயர்வுக்கான தேர்ந்தோர் பட்டியலிலும் பெயர் சேராமல் நின்றுவிடும். இவர்களை அன்று அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவதே நியாயம். மாதம் மொத்தமாக ஒரு தொகை மட்டும் பெறும் தொகுப்பூதியத்தாரையும் அப்படித்தான்.

பாலாற்றங்கரை:
தகுதிகாண் பருவத்தினர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். தொகுப்பூதியத்தார் பெயரில் கோரிக்கை வைத்துவிட்டு அவர்களையே உள்ளே உட்காரச் சொல்வது எப்படி? வருவதா வேண்டாமா என்று அவர்கள் கிளையே முடிவு செய்யட்டும்.

அணைக்கட்டு மலையடி:
எந்தக் கிழமை என்று யாரும் பேசவில்லையே? திங்கட்கிழமை வேண்டவே வேண்டாம். அன்று ஆட்சியர் அலுவலகத்தில் குறைதீர்வு நாள். பீஞ்சமந்தை மாதிரி மலைக் கிராமத்திலிருந்து மனுவோடு இறங்கி வருபவர் காலி நாற்காலியைப் பார்த்துவிட்டுத் திரும்பினால் ஊர் நம் பக்கம் நிற்காது. அடுக்கம்பாறை மருத்துவமனையில் அவசரப் பிரிவு, பிரசவப் பிரிவு, மருந்தகம் மூன்றும் முழு ஆளோடு ஓட வேண்டும். இதை அறிவிப்புக் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள்.

காட்பாடி சந்திப்பு:
கடிதம் என்றதும் ஒன்று. விடுப்புக் கடிதத்தில் எல்லோரும் "சொந்த அலுவல்" என்று ஒரே வாசகத்தைத் தட்டச்சு செய்து கொடுக்கிறார்கள். அது கூட்டாகச் செய்ததற்கு அவர்களே தரும் சாட்சி. பொய்க் காரணம் என்று இரண்டாவது குற்றச்சாட்டும் சேரும். எனக்கு இப்போதும் இதில் உடன்பாடில்லை. காலிப் பணியிடம் எத்தனை என்று அலுவலகம் அலுவலகமாகத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள், 30 நாளில் பதில் வர வேண்டும். அந்த எண்ணிக்கையோடு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

பாலாற்றங்கரை:
தகவல் மனுவை இந்த வாரமே போடுகிறோம், அதில் சண்டை இல்லை. ஆனால் நீதிமன்றம் "பரிசீலிக்கவும்" என்று உத்தரவு போடும், பரிசீலித்து நிராகரித்தோம் என்று ஒரு பக்கக் கடிதம் வரும். அதற்குப் பிறகு என்ன செய்வது? 30-ஆம் நாள் பதில் கையில் இருக்கும்போதே வேலைநிறுத்தத் தேதியும் முடிவாகியிருக்க வேண்டும். திங்கள் வேண்டாம், புதன் வைத்துக்கொள்ளலாம்.