மண்பானையும் மோரும் பினாங்கு வெயிலுக்குப் பத்துமா?

பட்டர்வொர்த் பாலு:
குடும்ப வாட்ஸ்அப் குழுவுல ஒரு வீடியோ போட்டேன். ஊர்ல இருந்து வந்தது, சித்த வைத்தியர் ஒருத்தர் கோடைக்குப் பேசுறார். மண்பானைத் தண்ணியில வெட்டிவேர் போட்டுக் குடிங்க. வாரம் ஒருக்கா நல்லெண்ணெய் தேச்சுக் குளிங்க. காலையில பழைய சோறு, பகல்ல மோர், சாயங்காலம் இளநீர். 11 மணியில இருந்து 3 மணி வரைக்கும் வெயில்ல தலை காட்டாதீங்க. ஐஸ் தண்ணி தொடவே கூடாது. வெயில் தாக்கினா வெங்காயச் சாறு தடவுங்க. இவ்வளவுதான். கோலாலம்பூர்ல இருக்கிற என் அக்கா மவன் "மாமா, இதெல்லாம் இங்க ஆகாது"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டான். ஏன்டான்னா பதில் இல்ல. மழை பேஞ்சு நாளாச்சு, ராத்திரி மாடியில படுக்க முடியல. காசு செலவில்லாத பழக்கத்தைச் சொன்னா இதுல என்ன தப்பு கண்டீங்க?

செந்தூல் ஏர்கோன்:
அண்ணே, அக்கா மவன் நான் இல்ல, ஆனா அவன் கட்சிதான். ஏர்கோன் மாட்டுறது என் தொழில், அதனால கணக்காவே சொல்றேன். பானையில தண்ணி குளிர்றது எப்படி? மண்ணுல கசியுற ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கிட்டுப் போகுது. காத்து காய்ஞ்சு கிடந்தாத்தான் ஆவி வேகமாப் போகும். திருச்சியில 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம்னு வச்சுக்குங்க. அந்தப் பானை 24 டிகிரி பக்கம் வரைக்கும் இறங்கலாம். பினாங்குல 33 டிகிரிதான், ஆனா ஈரப்பதம் 65. இங்க பானை என்ன தவம் பண்ணாலும் 27க்குக் கீழ போகாது. வெயில் குறைச்சலான ஊர்லதான் பானைத் தண்ணி சூடா இருக்கும்!

நம்ம வேர்வைக்கும் இதே கதைதான். ஊர்ல வேர்த்தா காயும். இங்க வேர்த்தா சட்டையில ஒட்டிக்கிட்டு நிக்கும், உடம்பு குளிராது. அந்த வீடியோவை அப்படியே தூக்கிட்டு வந்து இங்க போடக் கூடாது.

பட்டர்வொர்த் பாலு:
தம்பி, சென்னை எங்க இருக்கு? கடலோரம். அங்கயும் வேர்வை காயாது. அங்க வீட்டுக்கு வீடு பானை வைக்கலையா? தண்ணி பாட்டில்ல இருந்து வந்தாலும் பானையில இருந்து வந்தாலும் எங்கம்மா குடிக்கிறாங்களா இல்லையா, அதான் எனக்கு வேணும். வெட்டிவேர் வாசனைக்காகவே நாலு டம்ளர் கூடக் குடிக்கிறாங்க. உங்க 27 டிகிரியை நீங்களே வச்சுக்குங்க.

நைட் ஷிஃப்ட் மிஸ்ஸி:
பாலு அண்ணே சொல்றதுல பாதிக்கு என் ஓட்டு. வயசானவங்களுக்குத் தாகமே சரியாத் தெரியாது. நாக்கு வறண்டு கிடக்கும், கேட்டா "வேணாம்மா"ன்னுவாங்க. அவங்களைக் குடிக்க வைக்கிற எதுவா இருந்தாலும் சரி. ஆனா அம்மாவுக்கு என்ன மருந்து ஓடுது? ரத்தக் கொதிப்புக்கோ இருதயத்துக்கோ, மூத்திரம் நல்லாப் பிரியக் கொடுக்கிற நீர் மாத்திரை போடுறாங்களா? இருதயம், கிட்னி கோளாறு உள்ளவங்களுக்கு ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணின்னு டாக்டர் அளவு சொல்லியிருப்பார். அவங்களுக்கு "நல்லாக் குடிங்க"ங்கிற அறிவுரையே ஆபத்து. இளநீரும் அப்படித்தான். அதுல பொட்டாசியம் அதிகம், கிட்னி பலவீனமா இருந்தா சேர்ந்துபோகும். வீடியோவுல அதைச் சொன்னாரா?

இன்னொண்ணு, ஐஸ் தண்ணி கூடாதுன்னு ஏன் இப்படிப் பயம் காட்டுறாங்கன்னு தெரியல. வெயில்ல காய்ஞ்சு வந்தவங்களுக்குக் குளிர்ந்த தண்ணி நல்லதுதான், கொஞ்சம் கொஞ்சமாக் குடிச்சாப் போதும். மடமடன்னு ஊத்தினா சிலருக்கு வயித்தைப் பிடிக்கும், அவ்வளவுதான். எங்க வார்டுக்கு வர்றவங்கள்ல எனக்குக் கவலை, சீனியைக் குடிக்கிறவங்களைப் பார்த்துத்தான். சூடுன்னு சொல்லி ஆயர் பண்டோங், லிமாவ் ஐஸ், பால் டின் ஊத்தின தே ஐஸ். 2019 மலேசியத் தேசிய சுகாதார ஆய்வுல பெரியவங்கள்ல 18.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு. இந்தியர்கள்னு தனியாப் பார்த்தா 31.4. தாகத்துக்குச் சீனித் தண்ணி குடிக்கிற பழக்கத்தை முதல்ல விடுங்க. பானை எல்லாம் அப்புறம்.

பிறை ரைடர்:
நிழல்ல இருங்கன்னு எல்லாரும் சொல்றீங்க. நான் நிழல்ல இருந்தா ஆர்டர் அடுத்தவனுக்குப் போயிடும்.

நான் பண்றதைச் சொல்றேன், தப்புன்னா மிஸ்ஸி சொல்லட்டும். ஜேக்கெட்டை முன்பின்னா மாட்டிக்குவேன், நெஞ்சுல வெயில் அடிக்காது. மாமாக் கடையில தே ஓ ஐஸ் கோசோங், அதான் பால் சீனி இல்லாத ஐஸ் தேத்தண்ணி, பொட்டலம் கட்டி வாங்குவேன். பாதி குடிச்சிட்டு மீதியைச் சிவப்பு லைட்டுல கழுத்துக்குப் பின்னால வச்சுக்குவேன். ஐஸ் கரைஞ்ச பிறகு பொட்டலத்தைக் கிழிச்சுத் துண்டை நனைச்சுக் கழுத்துல போட்டுக்குவேன். சீனி இல்லாததால ஒட்டாது. எறும்பும் வராது.

நைட் ஷிஃப்ட் மிஸ்ஸி:
தம்பி, பிரமாதம். கழுத்து, அக்குள், தொடை இடுக்கு, இந்த மூணு இடத்துலயும் பெரிய ரத்தக்குழாய் தோலுக்குப் பக்கத்துல ஓடுது. ஜேக்கெட் மட்டும், வண்டி நிக்கும்போது ஜிப்பைத் திறந்து விடுங்க. வண்டி நின்னா காத்து இல்ல, உள்ள அடுப்புதான். தேத்தண்ணி குடிச்சா நீர் பிரிஞ்சு போயிடும்னு பயப்படாதீங்க, அளவோட குடிச்சா அதுவும் தண்ணிக் கணக்குலதான் வரும். மூத்திரம் அடர் மஞ்சளா இருந்தா இன்னும் குடிக்கணும்னு அர்த்தம்.

ஓய்வு வாத்தியார்:
ஒரு முக்கியமான விஷயத்தை யாரும் தொடவில்லை. அந்தக் காணொளியில் வரும் 11 மணி, 3 மணி கணக்கு நமக்குப் பொருந்தாது. திருச்சியில் சூரியன் உச்சிக்கு வருவது சுமார் 12.15க்கு. பினாங்கில் சராசரியாக 1.20க்கு, பிப்ரவரியில் ஒன்றரையையும் தொட்டுவிடும். காரணம் நம் கடிகாரம். 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியாவின் நேரத்தை அரை மணி முன்னுக்குத் தள்ளி, சபா, சரவாக் நேரத்தோடு ஒன்றாக்கினார்கள். அன்றிலிருந்து நம் கடிகாரம் சூரியனுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேலாக முந்தி ஓடுகிறது. ஆகவே ஊர்க் கணக்கில் 11 முதல் 3 என்றால் இங்கே பன்னிரண்டு முதல் நான்கு. காலை 11 மணிக்கு வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு, வெயில் தணிந்துவிட்டது என்று மூன்றரைக்குப் பூங்காவில் நடக்கப் போகும் என் நண்பர்களை நான் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறேன்.

காலைப் பள்ளி விட்டுப் பிள்ளைகள் புத்தகப் பையோடு நடந்து வரும் நேரம் சரியாக உச்சி வெயில். ஒரு குடையும் தண்ணீர்ப் புட்டியும் கொடுத்தனுப்புங்கள். 2016 ஏப்ரலில் பெர்லிஸ், கெடா பள்ளிகளை வெயிலுக்காகவே மூடினார்கள், நினைவிருக்கும்.

செந்தூல் ஏர்கோன்:
வாத்தியார், இதத்தான் நானும் சொல்றேன். ஊர் வேற, காத்து வேற, நேரம்கூட வேற. பாட்டி வைத்தியம்னு கண்ணை மூடிக்கிட்டுப் பின்பற்றக் கூடாது.

பட்டர்வொர்த் பாலு:
எந்தப் பாட்டி? தம்பிக்கு ஒண்ணு கேக்குறேன். உங்க பாட்டி திருச்சியிலயா இருந்தாங்க? எங்க பாட்டி கெடாவுல ரப்பர் தோட்டத்துல பால்மரம் சீவினவங்க. விடியுறதுக்கு முன்னாலயே பெரட்டுக்கு, அதான் ஆள் கணக்கு எடுக்க, நிக்கணும். வெயில் ஏறினா பால் நின்னுடும், அதனால குளிர் நேரத்துலயே சீவி முடிச்சு, பகல்ல பால் ஸ்டோருக்குக் கொண்டுபோய்க் கொடுத்துட்டு வீட்டுக்கு வந்துடுவாங்க. தலையில துண்டு, முழுக்கை சட்டை. வந்ததும் உப்புப் போட்ட கஞ்சியும் ஊறுகாயும். சாயங்காலம் குளிச்சிட்டு வாசல்ல காத்தாட உக்காருவாங்க. இதெல்லாம் வீடியோ பார்த்தா செஞ்சாங்க? இந்த ஊர் வெயிலுக்கு இந்த ஊர்லயே கத்துக்கிட்டது. விடியக்காலை வேலை, மூடின உடுப்பு, உப்பு, குளியல். நீங்க கணக்குப் போட்டுச் சொல்றதுல எதை அவங்க செய்யாம விட்டாங்க?

செந்தூல் ஏர்கோன்:
அண்ணே, தோட்டத்துப் பாட்டிக்கு நான் சலாம் போடுறேன். ஆனா நீங்க குழுவுல போட்டது அவங்க வீடியோ இல்லையே. தோட்டத்துல மர நிழல் இருந்துச்சு, வீட்டைச் சுத்தி மண் தரை இருந்துச்சு. இப்ப நீங்க இருக்கிறது குடியிருப்புப் பகுதியில, அதான் தாமான்ல, சிமெண்டு வீட்டு மாடி. பகல் பூரா கூரையும் சுவரும் வெயிலைக் குடிச்சுட்டு ராத்திரி உங்க மேல விடுது. அந்த ரூமைச் சாத்திக்கிட்டு, குளிரட்டும்னு ஈரத் திரை கட்டினா ஈரப்பதம் ஏறி இன்னும் மூச்சு முட்டும்.

மாடியை விட்டுட்டுக் கீழ ஹால்ல பாய் போடுங்க. படுக்கப் போறதுக்கு முன்னால குளிங்க, உடம்பை முழுசாத் துவட்டாதீங்க, காத்தாடிக்கு நேரா ஜன்னலைத் திறந்து வச்சுப் படுங்க. தோல் ஈரமா இருந்து காத்தும் ஓடினா இங்க இருக்கிற ஈரப்பதத்துலயும் குளிரும். ஏர்கோன் இருந்தா 26ல வச்சு, கூடவே காத்தாடியைப் போடுங்க. 18ல வச்சுப் போர்வைக்குள்ள நடுங்குறவங்க வீட்டு கரண்டு பில்லைப் பார்த்தாலே எனக்கு வேர்க்குது.

ஆயர் ஈத்தாம் அக்கா:
எண்ணெய்க் குளியலைப் பத்தி ஒருத்தரும் வாயத் திறக்கலையே? எங்க வீட்டுல சனிக்கிழமை தவறாது. குளிச்சிட்டு வந்தா கண்ணுல குளிர்ச்சி தெரியும்.

நைட் ஷிஃப்ட் மிஸ்ஸி:
அக்கா, தாராளமாக் குளிங்க. கை கால் பிடிச்சு விட்டு ஆற அமர உக்காருறதே நல்லதுதான். ஆனா எண்ணெய் உடம்புச் சூட்டை "இழுத்துடும்"னு நம்பி அதுக்கப்புறம் வெயில்ல பாசாருக்கு (சந்தைக்கு) நடந்து போகாதீங்க. வேர்க்குரு இருக்கிற இடத்துலயும் தேய்க்காதீங்க. வேர்வைத் துளை அடைச்சதாலதான் வேர்க்குருவே வருது. அதுக்கு மேல எண்ணெயோ, குவியலா பவுடரோ போட்டா இன்னும் அடைக்கும். லேசான பருத்தி உடுப்பு, குளியல், காத்து. குழந்தைகளுக்கும் அதேதான்.

பழைய சோத்தையும் சொல்லிடுறேன், ஏற்கெனவே சண்டை வரப்போகுதுன்னு தெரியும். தண்ணி ஊத்திப் புளிக்க வச்ச சோறு சாப்பிடுறவங்க சாப்பிடலாம். அடுப்படியில சும்மா மூடி வச்ச நேத்துச் சோறு வேற. இந்தச் சூட்டுல அது வயித்தால போக வச்சா உடம்புல இருக்கிற கொஞ்ச நஞ்சத் தண்ணியும் போயிடும்.

பட்டர்வொர்த் பாலு:
மிஸ்ஸி, வெயில் தாக்கி ஒருத்தர் விழுந்தா என்ன செய்யணும்? வீடியோவுல வெங்காயச் சாறு தடவச் சொன்னார்.

நைட் ஷிஃப்ட் மிஸ்ஸி:
வெங்காயத்தைக் கறிக்கு வைங்க. தலைசுத்தல், குமட்டல், தசைப்பிடிப்பு, அதிக வேர்வை, இதோட நின்னா நிழல்ல படுக்க வச்சு, காலைத் தூக்கி வச்சு, தண்ணி கொடுங்க. பேச்சு குழறினா, ஆள் தெரியாமப் பேசினா, மயங்கினா அது வெப்பத் தாக்கு. உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டியிருக்கும். அப்ப வேர்வை இருந்தாலும் இருக்கும், இல்லாட்டியும் இருக்காது, அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. 999க்கு அடிச்சிட்டு, வண்டி வர்ற வரைக்கும் தண்ணியை ஊத்திக்கிட்டே விசிறுங்க. மயங்கினவங்க வாயில எதையும் ஊத்தாதீங்க. பெனடோல் கொடுக்காதீங்க, இது காய்ச்சல் இல்ல, அது வேலை செய்யாது.

செந்தூல் ஏர்கோன்:
பாலு அண்ணே, பானையை வச்சுக்குங்க, ஆனா மூடி வைங்க. வறட்சியில தண்ணி பிடிச்சு வைக்கிற வாளி, டிரம்மு எல்லாத்துலயும் ஏடிஸ் கொசு முட்டை போடும். சுகாதார இலாகா வந்து பார்த்தா 500 வெள்ளி சமன், அதான் அபராதம்.

பட்டர்வொர்த் பாலு:
பார்த்தீங்களா, கடைசியில என் பானைக்கு மூடி வாங்கிக் கொடுத்துட்டார். அந்த வீடியோவை எடுக்க மாட்டேன். அதுக்குக் கீழயே வாத்தியாரோட மணிக்கணக்கைப் போட்டு வைக்கிறேன். அம்மா மாத்திரையைப் பார்த்தேன், ரெண்டுல ஒண்ணு நீர் மாத்திரைதான். நாமளா நிறுத்திடலாமா?

நைட் ஷிஃப்ட் மிஸ்ஸி:
கூடவே கூடாது. மாத்திரையைக் கையோட எடுத்துக்கிட்டுக் கிளினிக்குக்குப் போங்க. "இந்த வெயிலுக்கு எவ்வளவு தண்ணி குடிக்கலாம், அளவு மாத்தணுமா"ன்னு டாக்டர்கிட்ட நேராக் கேளுங்க.

ஆயர் ஈத்தாம் அக்கா:
சரி, எனக்கு ஒரு பதில் வேணும். பங்குனி உத்திரத்துக்கு எங்க ஆளுங்க தண்ணீர்ப் பந்தல் போடுறோம். வழக்கமா சிராப் தண்ணிதான். இதைப் படிச்சதுல இருந்து மோர் கொடுக்கலாமான்னு தோணுது. கமிட்டியில பெரியவர் ஒருத்தர், "சிவப்புத் தண்ணி இல்லாம என்ன பந்தல்"ங்கிறார். காவடி எடுக்கிறவங்க விரதத்துல வேற இருப்பாங்க, தார் ரோட்டுல வெறுங்காலோட.

நைட் ஷிஃப்ட் மிஸ்ஸி:
மோருக்கே என் ஓட்டு. நீர்மோரா, உப்பு அளவா, ஐஸ்பெட்டிக்குள்ள வச்சுக் கொடுங்க. வெளிய வச்சிருந்தா கெட்டுடும். சும்மா நடந்து வர்றவங்களுக்கு வெறும் தண்ணியே போதும். வேர்த்து ஊத்தித் தள்ளாடுற காவடிக்காரங்களுக்குத் தனியா ஒரு டிரம் வைங்க. ஒரு லிட்டர் கொதிச்சு ஆறின தண்ணிக்கு ஆறு தேக்கரண்டி சீனி, அரைத் தேக்கரண்டி உப்பு, ரெண்டும் தட்டையா அளந்து. 40 லிட்டருக்கு சீனி ஒரு கிலோ பக்கம், உப்பு 120 கிராம் பக்கம் வரும். உப்பைக் கண்ணளவுல அள்ளிப் போடாதீங்க. ரோட்டுலயும் தண்ணி தெளிச்சு விடுங்க, கால் கொப்புளம் எங்களுக்குத்தான் வேலை.

பட்டர்வொர்த் பாலு:
பெரியவர்கிட்ட மோருல கொஞ்சம் பீட்ரூட் சாறு விட்டுக் கொடுத்துடுங்க. சிவப்பாச்சு.

பிறை ரைடர்:
அக்கா, பந்தல் எந்த ரோட்டுல, எத்தனை மணிக்குத் திறப்பீங்க? அன்னைக்கு அந்தப் பக்கமாவே ஆர்டர் எடுத்துக்கிறேன்.