மறு: 'நச்சு ஆலோசனை' சரியா?

கால்நடை மருத்துவக் கலைச்சொல் குழுவினருக்கு வணக்கம். விலங்கு நஞ்சு தின்றுவிட்டால் வளர்ப்பவர் கேட்கும் ஆலோசனைக்குப் பெயர் தேடுகிறோம். ஐயா எழுதியது:

> கால்நடைகளுக்கான 'பாய்சன் அட்வைஸ்' = கால்நடை நச்சு ஆலோசனை. சுருக்கம், எளிமை.

சுருக்கம்தான் ஐயா. ஆனால் நச்சுப்பாம்பு, நச்சுப்புகை வரிசையில் இதையும் வைத்துப் பாருங்கள்: ஊரைக் கெடுக்கும் ஆலோசனை என்றல்லவா ஆகிறது! மருந்து 'மருத்துவம்' ஆவதுபோல நஞ்சு, மெல்லெழுத்து வல்லெழுத்தாகி 'நச்சு' ஆனதும், பின்னால் வரும் சொல்லையே நஞ்சாக்கிவிடுகிறது.

'நஞ்சு' என்றே விடலாமா? எங்கள் தெருப் பால்காரரிடம் 'மாட்டுக்கு நஞ்சு பரிசோதனை' என்று சொல்லிப் பார்த்தேன். "அது கன்னு போட்ட அன்னிக்கே விழுந்துடுச்சே சார்" என்றார். மாடு வைத்திருப்பவருக்கு நஞ்சு என்றால் நஞ்சுக்கொடிதான்.

'விஷம்' எல்லோருக்கும் புரியும். ஆனால் 'நாய்க்கு விஷம்' என்ற உடனே யார் வைத்தது என்று தெரு கூடிவிடும். பல நேரம் வைத்தவர் யாருமில்லை. உடம்பு சுடுகிறதே என்று பூனைக்குப் பாராசிட்டமாலைப் பிட்டுக் கொடுப்பது, அதைப் பிள்ளையாய் வளர்க்கும் வீட்டுக்காரர்தான். நம் ஈரல் போலப் பூனையின் ஈரல் அதைக் கழிக்காது. ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் போய் ஈறு பழுப்பேறும். ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். இளஞ்சோளப் பயிரை மேய்ந்த மாட்டுக்கு யார் விஷம் வைத்தார்? சயனைடைப் பிறப்பிக்கும் பொருள் பயிரிலேயே இருக்கிறது.

'நஞ்சுமுறி உதவி' என்ற முன்மொழிவும் வந்தது. அது கொடுக்க முடியாத வாக்கு. ரத்தம் உறைவதைத் தடுக்கும் வகை எலிமருந்துக்கு வைட்டமின் கே1 உண்டு. தின்ற அன்று நாய் வாலாட்டிக்கொண்டுதான் இருக்கும், கசிவு சில நாள் கழித்தே தெரியும் என்பதால் உடனே கேட்பவருக்குப் பலன் அதிகம். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமினுக்கோ முறிமருந்தே இல்லை. வாந்தி எடுக்க வைப்பது, நஞ்சை உறிஞ்சும் கரி கொடுப்பது, கண்காணிப்பு, அவ்வளவுதான்.

எனவே நான் சொல்வது 'நச்சுப்பாடு'. புண்படு, வசப்படு போல நச்சுப்படு. 'நச்சுப்பட்ட பூனை' என்றால் யாரால் என்றும் சொல்லாது, பிழைக்குமா என்றும் சொல்லாது.

உடம்பில் நஞ்சு உண்டா என்று ஆய்வகத்தில் பார்க்கும் 'டாக்சிகாலஜி டெஸ்ட்'டுக்கு வந்த 'நச்சறி சோதனை'யிலும் எனக்குத் தயக்கம். வாந்தியையோ ஈரல் துண்டையோ கொடுத்தால் இயந்திரம் தானே பெயர் சொல்லிவிடும் என்று நினைக்க வைக்கும். எதைச் சந்தேகிக்கிறோம், எப்போது தின்றது என்று எழுதி அனுப்பினால்தான் ஆய்வகம் எதைத் தேடுவது என்று முடிவெடுக்கும். 'நச்சுத்தேடல்' போதும். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1903இலேயே வந்துவிட்டது. நம் கலைச்சொல் பட்டியலில் இந்த வரி மட்டும் இன்னும் காலி.

---

> தம்பி, இலக்கணப்படி அது 'நச்சுப்பாட்டு ஆலோசனை' ஆகுமே. மார்கழிக் கச்சேரிக்கா?

ஐயா, 'வழிபாட்டுத் தலம்' என்ற பலகையைப் பார்த்துப் பாட்டுக் கேட்க நுழைந்தவர் உண்டா? பண்பாட்டுக்கும் அதே கதைதான். கண் பழகிவிடும்.

நான் பயந்தது நச்சுத்தேடலுக்கு. கூகுளில் தேடுவதுபோல இருக்கிறது என்பீர்கள் என்று பதிலும் தயாராக வைத்திருந்தேன். அதைத் தொடவே இல்லையே!