கமரா ஹவுசிங் ஓ-ரிங் கொழும்பில் எங்கே வாங்கலாம்?

அண்ணாமார், அக்காமார், ஒரு உதவி வேணும். கொழும்புக் கடலில் மூழ்கிக் கிடக்கும் கப்பல்களைப் படம் எடுக்கப் போகிற ஆள் நான். போன கிழமை கமராவை வெளியே எடுத்துவிட்டு, வெறும் ஹவுசிங்குக்குள் (கமராவுக்குத் தண்ணீர் படாமல் மூடும் பெட்டி) டிஷூ ஒன்றை வைத்து வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். அரை மணித்தியாலத்தில் டிஷூவின் ஒரு மூலை ஈரம்.

பின்கதவில் தண்ணீர் புகாமல் அடைக்கிற றப்பர் வளையத்தை, அதுதான் ஓ-ரிங்கை, கழற்றி டோர்ச் அடித்துப் பார்த்தால், நகம் பட்டதுபோல ஒரு சின்ன வெட்டு. பிழை என்னுடையதுதான். அவசரத்தில் ஊசியால் கிளப்பியிருக்கிறேன். பழைய ரீலோட் அட்டை ஒன்றே போதும் என்று இப்போதுதான் புத்தி வருகிறது! 10 மீற்றர் ஆழத்திலேயே அழுத்தம் மேலே இருப்பதைப்போல இரண்டு மடங்கு. இந்த ரிங்கோடு இறங்க எனக்குத் துணிவில்லை.

புறக்கோட்டையில் பம்ப் சாமான் விற்கும் கடைகளில், உள்விட்டமும் தடிப்பும் பொருந்துகிற ரிங் வாங்கிப் போட்டவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கம்பெனி ரிங்தான் வேணுமா?

அடுத்தது கிறீஸ். சிலிக்கோன் கிறீஸ் கைவசம் இருக்கிறது. ஆனால் ரிங்கே சிலிக்கோன் என்றால் அது ஊதிப்போகுமாம். என்னுடையது கறுப்பு, கையேடு தொலைந்துவிட்டது. எந்த றப்பர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாஸ்லின் பூசச் சொல்லாதீர்கள், அதை ஏற்கெனவே மச்சான் சொல்லிவிட்டார்.

ஏப்ரல் முடிந்தால் இந்தப் பக்கக் கடல் குழம்பிவிடும். அதற்கு முதல் ஒருக்கா இறங்க வேணும்.